பிரெஸ்டீஜ் 7079

1956 ஜூன் 22, வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாக்கன்சாக் என்ற சிற்றூரில், ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டின் முன்கூடத்தில் நான்கு பேர் வாத்தியங்களோடு கூடினார்கள். வீடு வான் கெல்டர் தம்பதியுடையது. அவர்களுடைய மகன் ரூடி, கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடிக்கு அளவு சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட். வருமானம் அதில். ஆசை முழுவதும் ஒலிப்பதிவில். கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறையை ஒதுக்கி, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்து, அந்த அறையில் தன் கருவிகளை அடுக்கியிருந்தார். சோஃபாவையும் விளக்கையும் ஓரமாக நகர்த்தினால் கூடம் ஸ்டுடியோவாகிவிடும். நியூயார்க் ஜாஸ் கலைஞர்கள் ஹட்சன் ஆற்றைக் கடந்து அங்கே வந்து போவது 1950களில் வாடிக்கையாகிவிட்டது. தெலோனியஸ் மங்க் தன் உருப்படி ஒன்றுக்கு ‘ஹாக்கன்சாக்’ என்றே பெயர் வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பதிவானவை ஐந்து உருப்படிகள். மொத்தம் நாற்பது நிமிடம். பிரெஸ்டீஜ் நிறுவனம் அதற்குக் கொடுத்த வரிசை எண் 7079. உறையில் அச்சிட்ட பெயர் ‘சாக்ஸபோன் கொலோஸஸ்’. ஹார்ட் பாப் என்ற வகையின் உச்சங்களில் ஒன்றாக இன்று எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறும் அந்தத் தட்டு, கூடத்திலிருந்து கடைக்கும் கடையிலிருந்து விமர்சகர்களின் மேசைக்கும் போய், அங்கிருந்து வாசித்தவரிடமே திரும்பி வந்து அவரை உலுக்கிய கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. பாராட்டும் ஒரு கலைஞனை நிலைகுலையச் செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு தட்டை நான் அறிந்ததில்லை.

டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் சன்னி ரோலின்ஸ். வயது 25. ஹார்லெமில் பிறந்தவர், பெற்றோர் கரீபியன் கடலின் வெர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். இருபது வயதுக்குள்ளேயே பட் பவல், மைல்ஸ் டேவிஸ் போன்ற பெரியவர்களோடு வாசித்துவிட்டார். அதே வயதில் ஹெராயினுக்கும் அடிமையானார், சிறைக்கும் போனார். 1955-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் தானாகப் போய்ச் சேர்ந்து பழக்கத்தை விட்டார். வெளியே வந்ததும் நியூயார்க் திரும்பப் பயந்து சிகாகோவில் தங்கி, துப்புரவு வேலை உட்படக் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். கிளப்புக்குள் நுழைந்தால் பழைய நண்பர்கள் பழைய பொட்டலத்தோடு நிற்பார்கள் என்ற பயம். அந்த ஆண்டின் கடைசியில் கிளிஃபர்ட் பிரவுன்–மேக்ஸ் ரோச் ஐவர் குழு சிகாகோ வந்தபோது அதில் சேர்ந்துகொண்டார். டிரம்பெட் வாசித்த பிரவுன் போதை பக்கமே போகாதவர். ரோலின்ஸை விட ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இளையவர். அப்படி வாழ்ந்துகொண்டே இப்படி வாசிக்கவும் முடியும் என்று பிரவுனைப் பார்த்துத்தான் கற்றேன் என்று ரோலின்ஸ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அன்று டிரம்ஸில் இருந்தவர் அதே குழுவின் மேக்ஸ் ரோச். பியானோவில் டாமி ஃபிளனகன், பாஸில் டக் வாட்கின்ஸ். இருவரும் டெட்ராய்ட்காரர்கள். ஃபிளனகன் நியூயார்க் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாட்கின்ஸுக்கு வயது 22. ஆறு ஆண்டு கழித்து ஒரு சாலை விபத்தில் இறந்துபோவார்.

பிரெஸ்டீஜின் முதலாளி பாப் வைன்ஸ்டாக், இருபது வயதில் கம்பெனி தொடங்கியவர். ஒத்திகைக்குக் காசு கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. போட்டி நிறுவனமான ப்ளூ நோட் அதற்கென்று தனியாகச் சம்பளம் கொடுத்தது. அதனால்தான் ப்ளூ நோட் தட்டுகள் கச்சிதமாகவும் பிரெஸ்டீஜ் தட்டுகள் முன்பின்னாகவும் இருக்கின்றன என்பது ஜாஸ் ரசிகர்களிடையே பழைய பேச்சு. பெரும்பாலும் அது சரிதான். வந்து நின்று, என்ன வாசிக்கலாம் என்று பேசிக்கொண்டு, வாசித்துவிட்டுப் போகும் முறை எத்தனையோ தட்டுகளைச் சோம்பலாக்கியிருக்கிறது. ஆனால் 7079-இல் கேட்கும் விழிப்பும் அதே முறையிலிருந்து வந்ததுதான். அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று நால்வரில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆகவே நால்வரும் காதைத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் உருப்படி ‘செயின்ட் தாமஸ்’. ரோலின்ஸின் தாய் பிறந்த தீவின் பெயர் அது. மெட்டும் அவர் சிறுவயதில் தாயிடம் கேட்டது. மரபான தீவுப் பாட்டு. ரோலின்ஸுக்கு ஓராண்டு முன்பே ராண்டி வெஸ்டன் என்ற பியானோ கலைஞர் வேறு பெயரில் அதைப் பதிவு செய்திருந்தார். ரோச் டிரம்ஸில் தனியாகத் தொடங்குகிறார், கலிப்ஸோ நடையில். அதன் மேல் ரோலின்ஸ் மெட்டை வாசித்துவிட்டு, தன் கற்பனையை இரண்டே ஸ்வரங்களில் ஆரம்பிக்கிறார். இரண்டு ஸ்வரம், ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு ஸ்வரம். தட்டிப் பார்க்கிறார், திருப்பிப் போடுகிறார், தாளத்தில் முன்னும் பின்னும் தள்ளுகிறார். அதிலிருந்தே நீண்ட வாக்கியங்கள் முளைக்கின்றன. ஜாஸ் என்றாலே புரியாது என்று ஒதுங்கியவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ 1941-இல் எழுதப்பட்ட சோகப் பாட்டு. ரோலின்ஸ் அதை அழவைக்கும் விதமாக வாசிக்கவில்லை. கனத்த குரலில், நிதானமாக, ஒருவருக்கு விளக்கம் சொல்வதைப் போல வாசிக்கிறார். ‘ஸ்ட்ரோட் ரோட்’ வேகமானது. சிகாகோவின் ஸ்ட்ரோட் ஹோட்டலில் 1947-இல் இறந்துபோன டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி வெப்ஸ்டரின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. தட்டைத் திருப்பினால் ‘மோரிடாட்’. குர்ட் வைல் 1928-இல் பெர்லினில் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்துக்குப் போட்ட மெட்டு. அதை லூயி ஆம்ஸ்ட்ராங் பாடி அமெரிக்கா முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் அது. கடைசி உருப்படி ‘ப்ளூ 7’. பதினோரு நிமிடத்துக்கும் சற்று மேல். வாட்கின்ஸின் பாஸ் தனியாக நடந்து வர, ரோலின்ஸ் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று பிடிபடாத ஒரு சிறு மெட்டோடு உள்ளே நுழைகிறார். பிறகு நடந்ததெல்லாம் இந்த உருப்படியால்தான்.

நான்கு நாள் கழித்து, ஜூன் 26 செவ்வாய் இரவு, கிளிஃபர்ட் பிரவுன் பிலடெல்பியாவிலிருந்து சிகாகோவுக்குக் காரில் புறப்பட்டார். குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவருடைய மனைவி நான்சியும் உடன் இருந்தார்கள். ஓட்டியவர் நான்சி. மழை. பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் தடம் மாறி உருண்டு மூவரும் இறந்தார்கள். பிரவுனுக்கு 25 வயது. ரோச்சும் ரோலின்ஸும் தனியாக வேறு காரில் சிகாகோ போய்ச் சேர்ந்து, அங்கேதான் செய்தியைக் கேட்டார்கள்.

வைன்ஸ்டாக்கின் அலுவலகத்தில் அப்போது ஒலிநாடா மட்டும்தான் இருந்திருக்கும், உறைகூடத் தயாராகியிருக்காது. தட்டு 1957-இல் கடைக்கு வந்தபோது, வாங்கியவர்கள் அதிலிருந்த குதூகலத்தைக் கேட்டார்கள். வாசித்த ரோலின்ஸுக்கும் ரோச்சுக்கும் அது பிரவுன் உயிரோடிருந்த கடைசி வாரத்தின் ஒலி. ‘செயின்ட் தாமஸ்’ஸில் ரோச் போடும் அந்தத் தொடக்கத்தை இந்தத் தகவல் தெரிந்த பிறகு என்னால் பழையபடி கேட்க முடிவதில்லை.

உறையை டாம் ஹானன் வடிவமைத்தார். நீலப் பின்னணியில் சாக்ஸபோன் வாசிக்கும் ரோலின்ஸின் கரிய நிழலுருவம். முகம் தெரியாது. உள்ளே மஞ்சள் லேபிள், அதில் நியூயார்க் மேற்கு 50-ஆம் தெருவின் 446 என்ற முகவரி. வான் கெல்டர் தானே வெட்டிய அச்சுத் தட்டுகளின் ஓரத்தில், இசை முடிந்து ஊசி சும்மா சுற்றும் வெற்றிடத்தில், தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைக் கீறுவார். முதல் அச்சைத் தேடும் சேகரிப்பாளர்கள் லேபிளில் அந்த முகவரியையும் ஓரத்தில் அந்த எழுத்துகளையும் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு அப்போதுதான் ஜாஸில் நிலைபெற்றிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று நிமிடத்தில் முடியும் பழைய 78 சுழற்சித் தட்டில் ‘ப்ளூ 7’க்கு இடமே இல்லை.

இனி விமர்சகர்கள். சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1940களில் உருவாக்கிய பீபாப்பை எடுத்து, அதில் ப்ளூஸின் கனத்தையும் கறுப்பின தேவாலயப் பாடலின் சூட்டையும் ஏற்றி, டிரம்ஸை முன்னால் தள்ளி நியூயார்க், பிலடெல்பியா, டெட்ராய்ட் இளைஞர்கள் வாசித்த வகைக்குத்தான் ஹார்ட் பாப் என்று பெயர். சினிமாப் பாட்டு போன்ற பாப் இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்போது பத்திரிகைகள் கொண்டாடியது வேறொன்றை. கலிஃபோர்னியாவின் மென்மையான, குளிர்ச்சியான ஜாஸுக்குத்தான் மரியாதை. 1954-இல் டைம் இதழின் அட்டையில் இடம்பெற்றவர் டேவ் புரூபெக். டெனர் சாக்ஸபோனில் லெஸ்டர் யங்கின் வழிவந்த இழைவான, காற்றோட்டமான தொனிதான் அழகு என்று ஏற்றுக்கொண்ட காதுகளுக்கு, ரோலின்ஸின் தடித்த, அதிர்வில்லாத தொனி கரடுமுரடாகப் பட்டது. நியூயார்க் டெனர்காரர்களிடம் நளினம் இல்லை, அழகு இல்லை, வெறும் முரட்டு வேகம்தான் என்ற குற்றச்சாட்டு புழக்கத்தில் இருந்தது.

டவுன் பீட் இதழில் இந்தத் தட்டுக்கு மதிப்புரை எழுதிய ரால்ஃப் க்ளீஸன் அந்தக் குற்றச்சாட்டைத்தான் முதலில் தொட்டார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே வந்ததைப் போல இந்த ஆல்பம் இருக்கிறது என்றார். ரோலின்ஸிடம் நகைச்சுவை இருக்கிறது, மென்மை இருக்கிறது, மெட்டின் அழகைப் பற்றிய நுட்பமான உணர்வு இருக்கிறது என்று எழுதினார். க்ளீஸன் சான் ஃபிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழின் பத்தி எழுத்தாளர். பத்து ஆண்டு கழித்து ரோலிங் ஸ்டோன் இதழைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அமெரிக்காவின் மறுகரையில் உட்கார்ந்து, தன் ஊரின் ரசனைக்கு நேர் எதிரான ஒரு தட்டில் நகைச்சுவையைக் கேட்டது பெரிய விஷயம். ரோலின்ஸின் வாசிப்பைப் பற்றிப் பின்னால் எழுதப்பட்ட பக்கங்களில் பாதிக்கு மேல் கட்டமைப்பு, தர்க்கம் என்று பேசுகின்றன. ‘மோரிடாட்’டில் அவர் ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே வளைத்துச் சிரிப்பு மூட்டுவதைக் க்ளீஸன் போன்ற ஒருவர்தான் முதல் நாளே கேட்டிருக்க முடியும். அந்த மதிப்புரை யாரையும் காயப்படுத்தவில்லை, தட்டுக்கு நல்ல பெயர் கிடைத்தது, அதோடு முடிந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் நாட் ஹென்டாஃபும் மார்ட்டின் வில்லியம்ஸும் சேர்ந்து ‘த ஜாஸ் ரிவ்யூ’ என்ற புதிய மாத இதழைத் தொடங்கினார்கள். நட்சத்திரப் புள்ளி போட்டுத் தட்டு விற்க உதவும் மதிப்புரைகளுக்கு மாற்றாக, இசையை இசையாக ஆராயும் இதழ் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1958 நவம்பரில் வந்த முதல் இதழிலேயே, ரோலின்ஸையும் அவர் முன்வைக்கும் சவாலையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. எழுதியவர் கந்தர் ஷூலர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் ஹார்ன் கலைஞர், செவ்வியல் இசையமைப்பாளர், மைல்ஸ் டேவிஸோடும் வாசித்தவர். இரண்டு உலகத்தையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் அன்று அவரைப் போல வேறு சிலர்தான்.

‘ப்ளூ 7’ஐ அவர் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிப் பிரித்துக் காட்டினார். ஜாஸ் கலைஞர்கள் கற்பனையாக வாசிக்கும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள் என்றார். ஒன்று, மெட்டை அலங்கரிப்பது. இல்லையென்றால் மெட்டை மறந்துவிட்டு, கீழே ஓடும் கார்டு வரிசையின் மேல் புதிது புதிதாக வாக்கியங்கள் கோப்பது. இரண்டாவது வழியில் எவ்வளவு திறமை இருந்தாலும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரோலின்ஸ் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறார்: தொடக்கத்தில் வாசித்த அந்தச் சிறு மெட்டின் துண்டுகளையே எடுத்து, உடைத்து, நீட்டி, இடம் மாற்றி, பதினோரு நிமிடத்தையும் ஒரே பொருளின் விரிவாக ஆக்குகிறார். நிரவலில் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பாடகர் எங்கெங்கோ போய்விட்டு அதே எடுப்புக்கு வந்து நிற்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த மகிழ்ச்சி புதிதாக இருக்காது. ஷூலரின் வாசகர்களுக்குப் புதிதாக இருந்தது. ரோச்சின் தனி வாசிப்பையும் அவர் விடவில்லை. ஓரிரு தாளக் கருக்களிலிருந்தே அதுவும் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டினார். ஜாஸ் ஆய்வு என்ற துறையே இந்தக் கட்டுரையைத் தொட்டுத்தான் வளர்ந்தது. இன்றும் இசைக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ரோலின்ஸ் படித்தார். ஷூலர் சொன்னவற்றைத் தான் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதே முதலில் அவரைத் தாக்கியது. கூடத்தில் நின்று, காதில் விழுந்ததற்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, நீ செய்தது இன்ன வகைக் கட்டுமானம் என்று வரைபடம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு மேடையில் நிற்கும்போதெல்லாம் அந்த வரைபடம் கண்ணில் பட்டது. அறியாமல் செய்ததை அறிந்து செய்யப் பார்த்து வாசிப்பு தடுமாறியது. தன்னைப் பற்றிய விமர்சனங்களைப் படிப்பதையே நிறுத்தப் போவதாக அவர் அறிவித்தார்.

ஷூலரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவர் கேட்டது உண்மையாகவே அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தட்டைப் போட்டுச் சரிபார்க்கலாம். வெறுமனே பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போகாமல், ஒரு கறுப்பினக் கலைஞரின் ஒரு நாள் வாசிப்பை பேத்தோவன் பக்கத்துக்குக் கொடுக்கும் கவனத்தோடு அவர் உட்கார்ந்து எழுதினார். 1958-இன் அமெரிக்காவில் அந்தக் கவனமே அரிது. பிழை வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொடர்ச்சி இருப்பதால் உயர்ந்தது என்ற அளவுகோல் ஐரோப்பிய எழுத்திசையிலிருந்து வந்தது. அதை ரோலின்ஸின் கையில் ஒரு கடமையாகக் கொடுத்துவிட்டது கட்டுரை. அதே 1958-இன் பிப்ரவரியில் ரோலின்ஸ் ‘ஃப்ரீடம் ஸூட்’ என்ற தட்டைப் பதிவு செய்திருந்தார். ஒரு பக்கம் முழுவதும் ஓடும் ஒரே உருப்படி. அமெரிக்கப் பண்பாட்டைத் தம் பண்பாடு என்று வேறு யாரையும்விட உரிமையோடு சொல்லக்கூடிய கறுப்பின மக்கள்தான் மனிதராக நடத்தப்படவில்லை என்று உறையில் தானே சில வாக்கியங்கள் எழுதியிருந்தார். வெளியிட்ட ரிவர்சைடு நிறுவனம் கொஞ்ச நாளில் அதே பதிவை ‘ஷேடோ வால்ட்ஸ்’ என்ற சாதுவான பெயரில் மறுபடி வெளியிட்டது. ரோலின்ஸின் மனம் அந்த நாட்களில் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஜாஸை எழுதும் வெள்ளையர்கள் ஸ்வரங்களைப் பார்க்கிறார்கள், அவற்றை வாசிக்கவைத்த வாழ்க்கை நோக்கைப் பார்ப்பதில்லை என்று லெராய் ஜோன்ஸ் டவுன் பீட் இதழிலேயே எழுத 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1959 கோடையில் ரோலின்ஸ் மேடையை விட்டு விலகினார். கட்டுரை மட்டும் காரணமில்லை. பெயர் வளர்ந்த அளவுக்கு வாசிப்பு வளரவில்லை என்ற உறுத்தல் அவருக்கு முன்பே இருந்தது; உடம்பையும் தேற்ற வேண்டியிருந்தது. ஆனால் பாராட்டின் உச்சத்தில், 28 வயதில், அவ்வளவு பெரிய பெயரோடு ஒருவர் இறங்கிப் போவது அதுவரை கேள்விப்படாதது. மான்ஹாட்டனின் கிராண்ட் தெருவில் வீடு. பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தார், சத்தம் அவரைத் தொந்தரவு செய்யும் என்று தயங்கினார். ஒருநாள் நடந்து போகும்போது வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் படிக்கட்டு கண்ணில் பட்டது. மேலே ஏறினால் நடைபாதையில் ஆளே இல்லை. கீழே படகுகள், பக்கத்தில் ரயில், கார். எவ்வளவு பலமாக ஊதினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பனியிலும் வெயிலிலும் இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே போய்ச் சாதகம் செய்தார். சில நாள் பதினைந்து மணி நேரம்கூட. ரால்ஃப் பெர்டன் என்ற எழுத்தாளர் தற்செயலாக அவரைக் கண்டு 1961-இல் மெட்ரோனோம் இதழில் எழுதியபோது, ஆளின் பெயரையும் பாலத்தின் பெயரையும் மாற்றிவிட்டார், கூட்டம் கூடிவிடக் கூடாது என்பதற்காக. விமர்சன உலகம் ரோலின்ஸுக்குச் செய்த நன்மைகளில் அதை முதலிடத்தில் வைப்பேன்.

1961 நவம்பரில் திரும்பி வந்தார். ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக 1962 தொடக்கத்தில் பதிவான தட்டின் பெயர் ‘த பிரிட்ஜ்’. பாலத்தில் அப்படி என்ன கண்டுபிடித்தார் என்று ஆவலோடு காத்திருந்தவர்கள் சிலர் ஏமாந்தார்கள். ஆர்னெட் கோல்மனும் ஜான் கோல்ட்ரேனும் அதற்குள் ஜாஸை வேறு திசைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். ரோலின்ஸோ பழைய பாட்டுகளையே, கூடுதல் உறுதியோடு வாசித்தார். கோல்ட்ரேனுக்கும் அந்த நவம்பரில்தான் அடி விழுந்தது: டவுன் பீட் விமர்சகர் ஜான் டைனன் அவருடைய புதிய வாசிப்பை ஜாஸுக்கு எதிரானது என்றே எழுதினார். ஒருவர் மாறவில்லை என்று குறை, இன்னொருவர் மாறிவிட்டார் என்று குறை.

மற்ற ஹார்ட் பாப் தட்டுகள் பலவற்றுக்கு இந்தப் பாடும் கிடைக்கவில்லை. சன்னி கிளார்க் 1958 ஜனவரியில் அதே ஹாக்கன்சாக் கூடத்தில் பதிவு செய்த ‘கூல் ஸ்ட்ரட்டின்’ அமெரிக்காவில் ஏறக்குறைய ஓசையில்லாமல் வந்து போனது. கிளார்க் 1963-இல் 31 வயதில் இறந்தார். பிறகு ஜப்பானின் ஜாஸ் காபிக்கடைகளில் அந்தத் தட்டு ஓயாமல் சுழன்று, அந்த நாட்டில் மிகவும் விரும்பப்பட்ட ஜாஸ் ஆல்பங்களில் ஒன்றானது. மௌனம் ஒரு தட்டைக் கொல்வதில்லை, ஆனால் வாசித்தவரைப் பட்டினி போட்டுவிடுகிறது. ரோலின்ஸுக்கு எதிர்ப்பக்கத் துன்பம்.

7079 தன் பாட்டுக்குப் பயணம் செய்தது. 1971-இல் பிரெஸ்டீஜ் நிறுவனத்தை கலிஃபோர்னியாவின் ஃபேன்டஸி வாங்கியது. 1980களில் மலிவு விலை மறுபதிப்பு வரிசையில் இந்தத் தட்டு மாணவர்களின் கைக்கு வந்தது. 2004-இல் ஃபேன்டஸியே கான்கார்டு கைக்குப் போயிற்று. ராபர்ட் மக் 1986-இல் எடுத்த ஆவணப்படத்துக்குத் தட்டின் பெயர்தான். அதில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு பழைய கல் குவாரியில் கச்சேரி செய்துகொண்டிருக்கும் ரோலின்ஸ், மேடையிலிருந்து கீழே குதித்துக் குதிகால் எலும்பை உடைத்துக்கொள்கிறார். மல்லாந்து கிடந்தபடியே வாசிப்பைத் தொடர்கிறார். தன் பழைய பதிவுகளைக் கேட்கப் பிடிக்காது, குறைகள்தான் காதில் விழும் என்று ஆயுள் முழுவதும் சொன்ன மனிதர், ‘செயின்ட் தாமஸ்’ஸை மட்டும் கச்சேரிக்குக் கச்சேரி வாசித்துக்கொண்டே இருந்தார். 2017 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசத்துக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. அதே ஆண்டு ரோலின்ஸின் காகிதங்களும் ஒலிநாடாக்களும் அவர் பிறந்த ஹார்லெமின் ஷாம்பர்க் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஷூலரின் கட்டுரைக்கும் ஒரு மறுவாசிப்பு வந்தது. இசையியலாளர் பெஞ்சமின் கிவன் 2014-இல், அதே காலத்தில் ரோலின்ஸ் வாசித்த மற்ற பதிவுகளையும் எடுத்துக் கேட்டார். ‘ப்ளூ 7’இன் மையக் கரு என்று ஷூலர் கொண்டாடிய சொற்கட்டு, மூன்று மாதம் முன்பு மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ஒரு ப்ளூஸிலும் தலைகாட்டுகிறது என்று காட்டினார். ரோலின்ஸின் விரல்களில் அந்த நாட்களில் குடியிருந்த பிடி அது; தொடக்க மெட்டுகூட முன்பே எழுதியதல்ல, அந்த நிமிடத்தில் தோன்றியது என்பது அவர் முடிவு. இதனால் உருப்படியின் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கைப்பழக்கமான ஒன்றை வைத்துக்கொண்டு பதினோரு நிமிடம் மூன்று பேரைப் பின்னால் வரவைப்பது, எழுதி வைத்ததை வளர்ப்பதைவிடக் கடினம். நான் திட்டமிடவில்லை என்று 1958-இலிருந்தே ரோலின்ஸ் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

இதுவரை கேட்காதவர்கள் கட்டுரைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ‘செயின்ட் தாமஸ்’ஸில் தொடங்கலாம், ரோச்சின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்தால் போதும், மற்ற மூவரும் தாமாகக் காதில் விழுவார்கள். ‘ப்ளூ 7’க்கு நல்ல ஒலிபெருக்கி வேண்டும், கைப்பேசியில் வாட்கின்ஸின் பாஸ் காணாமல் போய்விடும். நாலைந்து முறை கேட்ட பிறகு ஷூலரைப் படியுங்கள். இணையத்தில் அந்த ‘ஜாஸ் ரிவ்யூ’ இதழ்கள் முழுதாகக் கிடைக்கின்றன. ரோச் தனியாக வாசித்து முடித்ததும் ரோலின்ஸ் மறுபடி நுழையும் இடத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே சண்டை போடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.